வா, வாரும், வாங்கோ: யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையில் மரியாதை ஓடும் வழி

யாழ்ப்பாணத் தமிழில் ஒருவரைக் கூப்பிட மூன்று படிகள் இருக்கின்றன. சின்னவர்களையும் மிக நெருங்கியவர்களையும் 'வா' என்போம். பெரியவர்களையும் புதியவர்களையும் 'வாங்கோ' என்போம். இரண்டுக்கும் நடுவே 'வாரும்' என்று ஒன்று. 'நீ' இல்லை, 'நீங்கள்' இல்லை, 'நீர்'. பள்ளிக்கூடத்து அதிபர் இளம் ஆசிரியரை அப்படிக் கூப்பிடுவார். கந்தோரில் (அலுவலகத்தில்) மேலதிகாரி எழுதுவினைஞரை அப்படிக் கூப்பிடுவார். மரியாதை இருக்கும், ஆனால் அளந்து கொடுத்த மரியாதை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்த நடுப்படி பிடிபடக் கொஞ்ச நாள் எடுக்கும்.

நகரத்தில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியான நேரம் அரை மணித்தியாலம் இருந்து இந்த மூன்று சொற்களையும் காது கொடுத்துக் கேட்டால் போதும். அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும். மேசையடியில் நிற்கும் பெடியன் (பையன்) வருகிற எல்லாரிடமும் 'வாங்கோ, இருங்கோ, என்ன எடுக்கிறியள்' என்கிறான். இருப்பவர், அதாவது சாப்பிட வந்து உட்கார்ந்திருப்பவர், அவனைத் 'தம்பி, இஞ்ச வா' என்கிறார். சிலர் 'வாரும்' என்கிறார்கள். காசு மேசையில் இருக்கும் முதலாளி வாடிக்கையாளருக்கு 'வாங்கோ', பெடியனுக்கு 'டேய்'. பெடியனை நோக்கி ஒரு 'வாங்கோ' திரும்பி வருவதை நான் மிகக் குறைவாகத்தான் கேட்டிருக்கிறேன்.

ஏ.எல். (உயர்தர) சோதனை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை நானும் அப்படி ஒரு கடையில் மேசை துடைத்து நின்றவன். ஏழு மாதம். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முன்னால் இந்தப் பேச்சுத்தான் என் காதில் விழுகிறது.

"யாழ்ப்பாணத்தில் சாப்பாடு நல்லம், சேவிஸ் சரியில்லை" என்று ஊரில் இருப்பவரும் சொல்கிறார், கனடாவிலிருந்து வந்தவரும் சொல்கிறார். வேலை செய்பவர்களைக் கேட்டால், வருகிற சனம் மனிசரை மனிசராக மதிப்பதில்லை என்கிறார்கள். முதலாளிமாரைக் கேட்டால், ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை என்கிறார்கள். மூன்று தரப்பும் மூன்று முறைப்பாடு சொல்வது போலத் தெரியும். எனக்கு அது ஒரே முறைப்பாடாகத்தான் படுகிறது. பரிமாறுகிறவருக்கு மரியாதையும் இல்லை, ஒன்றைத் தானாகச் செய்யும் உரிமையும் இல்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

பரிமாறுவதையே யாழ்ப்பாணம் இழிவாக நினைக்கிறது என்று யாராவது சொன்னால் அது பிழை. ஒரு கலியாண வீட்டையோ இறந்தவருக்குச் சடங்கு செய்யும் அந்தியேட்டி வீட்டையோ நினைத்துப் பாருங்கள். பந்தி வைக்கும் நேரம் வந்தால் பெண்ணின் மாமன், வங்கியில் முகாமையாளராக இருப்பவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்குவார். 'இன்னும் கொஞ்சம் போடட்டோ' என்று குனிந்து குனிந்து கேட்பார். ஒருவர் வேண்டாம் என்று இலையை மறைத்தாலும் விடமாட்டார். இதனால் அவர் மதிப்புக் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. அவர் தன் வீட்டில், தனக்குச் சமமானவர்களுக்குப் பரிமாறுகிறார். நாளைக்கு அவர்கள் வீட்டுப் பந்தியில் இவர் இருப்பார், அவர்கள் வாளி தூக்குவார்கள். கொடுத்தல் வாங்கல் சரிசமமாக ஓடுகிறது.

கடையில் அந்த ஓட்டம் ஒரு பக்கம்தான். பரிமாறுகிற பெடியன் நாளைக்கு வந்து நம் மேசையில் இருக்கப் போவதில்லை. வீட்டில் விருந்தாளியாக இருந்து பழகிய நாம் கடையிலும் அதே கவனிப்பை எதிர்பார்க்கிறோம். ஆனால் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற மரியாதையை அந்தப் பெடியனுக்குக் கொடுப்பதில்லை. கூலிக்குப் பரிமாறுவது என்று வந்தவுடன் அதே செயல் வேறாகிவிடுகிறது.

இந்த வேறுபாடு தானாக வந்ததல்ல. யார் இருக்கலாம், யார் நிற்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் சாதியால் தீர்மானிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது நெடுந்தூரத்தில் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வந்து வாங்கிலில் (பெஞ்சில்) இருக்க முடியாது. வெளியே நின்று போத்தலிலோ தகரப் பேணியிலோ தேத்தண்ணி வாங்கிக் குடிக்க வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து இதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் வாங்கில் கிடைக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்து சங்கானை, சாவகச்சேரி போன்ற இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் சேர்ந்துதான் கடைக் கதவுகளைத் திறந்தன. அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிளாஸ் தேத்தண்ணியை இருந்து குடிப்பதற்காக.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், ஒரு கடை மேசை என்பது எங்கள் ஊரில் வெறும் மேசையாக இருந்ததில்லை. யார் யாருக்குக் கையேந்த வேண்டும் என்பதைக் காட்டும் இடமாக இருந்தது. வாங்கிலில் எல்லாரும் இருக்கும் காலம் வந்துவிட்டது, நல்லது. ஆனால் 'இருப்பவர் மேல், நிற்பவர் கீழ்' என்ற நினைப்பு மேசையை விட்டுப் போகவில்லை. அந்தக் கீழ்ப்படியில் இப்போது மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வேலைக்கு வந்த பதினெட்டு, இருபது வயதுப் பெடியள் நிற்கிறார்கள்.

அப்புறம் யுத்தம். இதன் பாதிப்பை இந்தத் தொழிலோடு சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு. 1990இல் கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது, மின்சாரம் போனது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண நகரம் உள்ள வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. திரும்பி வந்த பிறகும் ஊரடங்கு. 2002இல் தெற்கிலிருந்து வரும் ஏ9 வீதி திறந்து கொஞ்சம் மூச்சு விட்டோம், 2006 ஓகஸ்டில் திரும்பவும் மூடியது. பொழுதுபட்டால் வீட்டுக்குள் அடங்கிவிட வேண்டிய ஊரில், குடும்பமாக இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போவது என்ற பழக்கம் எங்கிருந்து வரும்? இருபது வருடமாக ஒரு தொழில் முடங்கிக் கிடந்தால், கட்டடம் மட்டும் இடிவதில்லை. மேசையைப் பார்த்தே என்ன குறை என்று அறியும் மூத்த பரிமாறுபவர், இளையவருக்குக் கற்றுக்கொடுக்கும் தலைமைச் சமையற்காரர் எல்லாரும் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள். கைமாறிக் கைமாறி வர வேண்டிய பழக்கம் நடுவில் அறுந்துபோனது. எப்படி வாடிக்கையாளராக இருப்பது என்பதையும் சனம் பழகவில்லை.

2009இல் யுத்தம் முடிந்து ஏ9 திறந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. முதலில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர்கள் வந்தார்கள். நயினாதீவு, கீரிமலை, கோட்டை, நூலகம், கசூரினாக் கடற்கரை. பலர் அரிசி, பருப்பு, சட்டிபானையோடு வந்து வழியிலேயே சமைத்துச் சாப்பிட்டார்கள். கடைக்கு வந்தவர்களோடு பேச ஆளில்லை. பெடியனுக்குச் சிங்களம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. விரலால் காட்டி, 'மல்லி, தே' (தம்பி, தேத்தண்ணி) என்று இரண்டு சொல்லில் முடிந்தது. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பெரிய விடுதிகள் எழும்பின. 2018இல் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்தைத் தாண்டினார்கள். பிறகு 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள், கொரோனா, 2022இன் எரிவாயு வரிசைகள். மூன்று அடி ஒன்றன்மேல் ஒன்றாக. 2024இல்தான் வருகை திரும்பவும் 20 இலட்சத்தைக் கடந்தது.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் 2019 நவம்பரில் தொடங்கி, சில மாதத்தில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023இல் தொடங்கி, இடையில் நின்று நின்று ஓடுகிறது. தமிழ்நாட்டுக்காரர் வந்தால் மொழிச் சிக்கல் இல்லை என்று எல்லாரும் நினைத்தோம். அவர்கள் மத்தியானத்தில் சிவப்பரிசிச் சோற்றைப் பார்த்துத் திகைக்கிறார்கள், காலையில் மஞ்சள் சேர்த்த எங்கள் தோசையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், பில்டர் கோப்பி கேட்கிறார்கள். 'பிளேன்டீ' என்றால் பால் சேர்க்காத தேத்தண்ணி என்று பெடியன் விளக்க வேண்டும். விளக்குவதற்கு அவனுக்கு நேரமும் பொறுமையும் இருந்தால் அது ஒரு நல்ல அனுபவமாகிறது. பத்து மேசைக்கு ஒருவனாக அவன் ஓடிக்கொண்டிருந்தால், 'அதெல்லாம் இல்லை' என்று ஒரு வெட்டில் முடிகிறது.

ஆனால் யாழ்ப்பாணத்து விடுதிக்காரர்கள் மிகவும் எதிர்பார்ப்பதும் மிகவும் அஞ்சுவதும் வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் ஆட்களைத்தான். ஐரோப்பாவில் பள்ளிக்கூட விடுமுறை வரும் யூலை, ஓகஸ்டில்தான் நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் வருகிறது. கொடியேற்றத்திலிருந்து 25 நாள். அறைகள் நிரம்பிவிடும். அந்த நாட்களில் பல கடைகள் சைவத்துக்கு மாறும். சனமும் விரதம், ஆகையால் சைவக் கடைகளில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலில் முப்பது வருடத்துக்குப் பிறகு ஊர் பார்க்க வந்த குடும்பம் ஒன்று வேர்வையோடு வந்து இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் குறைவு, உறைப்புத் தாங்காது. தகப்பன் பெடியனைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்: "பாரிசில இப்பிடி நடந்தா கடையை இழுத்து மூடிடுவாங்கள்."

அந்தத் தகப்பனின் கதை எனக்குத் தெரியும். அவர் யாரென்று தெரியாது, ஆனால் கதை தெரியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போன எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் பாரிசிலும் சூரிச்சிலும் பெர்லினிலும் உணவகங்களின் பின்கதவால்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். ஊரில் அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது, 'கோப்பை கழுவினது'. நிலக்கீழ் அறைகளில் நள்ளிரவு வரை கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, சிலர் தலைமைச் சமையற்காரராகவே உயர்ந்தார்கள். அந்தக் காசில்தான் இங்கே வீடு எழும்பியது, தங்கைமாரின் கலியாணம் நடந்தது. இந்தத் தொழிலின் வலியை உள்ளிருந்து அறிந்த வாடிக்கையாளர்கள் உலகத்தில் எங்கேயாவது கூட்டமாக இருக்கிறார்கள் என்றால் அது இவர்கள்தான். சிலர் அதை மறக்கவில்லை. சமையலறை வாசல்வரை போய், 'ஆர் தம்பி கறி வைச்சது?' என்று கேட்டு, கைக்குள் காசு வைத்துவிட்டுப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். சத்தம் போடுபவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் கூட. அங்கே முப்பது வருடம் நின்று பரிமாறியவருக்கு இங்கே இருக்கும் ஒரு மாதம்தான் 'இருப்பவர்' ஆகும் காலம். அந்த இடத்தை அவர் விட்டுக்கொடுக்க மறுக்கிறார்.

அவர்கள் கொடுக்கும் சந்தோசக் காசு (டிப்ஸ்) பெரிது. ஓகஸ்டில் ஒரே மேசையில் 1,000 ரூபா விழும். நவம்பரில் மழையோடு சேர்ந்து அதுவும் இல்லாமல் போகும். உள்ளூர்க்காரர் வைப்பது குறைவு. அதனால் பெடியள் ஓகஸ்டில் எந்த மேசைக்கு ஓடுவது என்று கணக்குப் பார்க்கிறார்கள். உள்ளூர்க்காரர் அதைக் கண்டு 'வெளிநாட்டுக்காரருக்குத்தான் கவனிப்பு' என்று மனம் நோகிறார். இரண்டு பேரிலும் பிழையில்லை. சம்பளம் போதாத இடத்தில் சந்தோசக் காசு எஜமானாகிவிடும்.

சம்பளத்துக்கு வருவோம். இலங்கையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் போட வேண்டும். பதிவுள்ள பெரிய விடுதிகளில் இது நடக்கிறது. சிறு கடைகளில் பலருக்கு நாட்சம்பளம், மூன்று நேரச் சாப்பாடு, கடைக்கு மேலே படுக்க இடம். அவ்வளவுதான். கையில் வருவது மோசமில்லை என்று தோன்றும், ஆனால் சேமலாப நிதி இல்லை, சுகமில்லாமல் படுத்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

விடுதிகளில் பில்லோடு 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள். அது ஊழியர்களுக்குப் போக வேண்டியது. பங்கிடும் முறை இடத்துக்கு இடம் வேறு. சில இடத்தில் எல்லாருக்கும் சமமாக, சில இடத்தில் பதவிக்கு ஏற்ற புள்ளிக் கணக்கில், உடைந்த கோப்பைக்கும் தட்டுக்கும் ஒரு பங்கைக் கழித்துவிட்டு. நிறைந்த மாதத்தில் அது அடிப்படைச் சம்பளத்துக்குக் கிட்ட வந்துவிடும். வரிப்பதிவு உள்ள இடங்களில் அதற்கு மேலே 18 வீதம் வற் (பெறுமதி சேர்) வரி. விலைப்பட்டியலில் 1,000 ரூபா என்று பார்த்துக் கேட்டவர் ஏறக்குறைய 1,300 ரூபா கட்டி எழும்புகிறார். 'சேவைக்கும் காசு எடுத்தாச்சு, பிறகு என்ன சந்தோசம்' என்று அவர் நினைப்பது நியாயம். கட்டிய 10 வீதம் பெடியன் கைக்கு எப்படிப் போகிறது என்பது அவருக்கும் தெரியாது, சில இடங்களில் பெடியனுக்கும் தெரியாது. சமையலறைச் சுவரில் ஒரு தாளில் இந்த மாதம் சேர்ந்தது இவ்வளவு, பிரிந்தது இப்படி என்று ஒட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். செலவில்லாத வேலை. இதைச் செய்யாத முதலாளிமார் ஆட்கள் நிலைப்பதில்லை என்று சொல்லும்போது எனக்கு ஏற்க மனம் வருவதில்லை.

நேரக் கணக்கு இன்னொன்று. ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நாள் முழுக்க வேலை இல்லை. காலையில் ஒரு அலை, மத்தியானம் ஒரு அலை, இரவு ஒரு அலை. நடுவில் மூன்று மணித்தியாலம் சும்மா. அந்தச் சும்மா நேரம் சம்பளக் கணக்கில் வராது, ஆனால் வீட்டுக்குப் போய்வரவும் காணாது. காலை ஆறரைக்கு வந்தவன் இரவு பத்தரைக்குத்தான் சப்பாத்தைக் கழற்றுகிறான். பொழுதுபட்டால் ஊர்ப்பக்கம் பஸ் அருகிவிடுவதால் பெண்கள் இரவு அலைக்கு நிற்க முடிவதில்லை. அதனாலேயே பரிமாறும் வேலையில் பெண்கள் குறைவு. அவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறார்கள். விடிய மூன்று மணிக்கு எழும்பி வீட்டில் இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைக்கு அனுப்பும் பெண்கள், அவர்களில் யுத்தத்தில் துணையை இழந்தவர்கள் பலர், இல்லாவிட்டால் யாழ்ப்பாண நகரத்தின் இரவுச் சாப்பாடு இல்லை.

நிலைக்காமல் போவதற்குக் காரணம் சம்பளம் மட்டுமல்ல. இந்தத் தொழிலில் கற்றுக்கொள்வது எல்லாம் வெளியே போவதற்கான படியாகிவிட்டது. பரிமாறுதலுக்கோ சமையலுக்கோ என்.வீ.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்து, ஒரு வருடம் பெரிய விடுதியில் நின்றால் கட்டாரோ டுபாயோ கூப்பிடும். 2022க்குப் பிறகு போனவர்கள் கொஞ்சமல்ல. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் விளைவைப் பாருங்கள். பழகியவன் போய்விடுவான், மேசையில் எப்போதும் பழகாதவன் நிற்பான். வாடிக்கையாளர் சத்தம் போடுவார். சத்தம் கேட்டவன் இன்னும் கெதியாகப் போக நினைப்பான்.

சிரித்த முகம் வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறோம். உடம்பு உழைப்பு, மூளை உழைப்பு போல இதுவும் ஓர் உழைப்பு, உணர்ச்சி உழைப்பு என்கிறார்கள் சமூகவியலாளர்கள். உள்ளே ஒன்று இருக்க வெளியே வேறொன்றைக் காட்டுவது, அதுவும் காலையிலிருந்து இரவு வரை. அதைச் செய்கிறவருக்கு இடைவேளை வேண்டும், பின்னால் நிற்க ஒருவர் வேண்டும். 'வாடிக்கையாளர் சொல்வதே சரி' என்ற வாசகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோ, லண்டன் பெருங்கடைகளில் பரவியது. முறைப்பாட்டோடு வருபவரைக் கள்ளன் என்று எடுத்த எடுப்பிலே நினைக்காமல், உண்மை சொல்கிறார் என்று வைத்துத் தொடங்கு என்பதே அதன் கருத்து. ஊழியரைத் திட்டும் உரிமையை அது யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் ஊருக்கு வரும்போது அந்த வாசகம் அப்படித்தான் மாறிப்போனது. இப்போது கூகிளில் ஒரு நட்சத்திரம் போடுவேன் என்ற மிரட்டலும் அதோடு சேர்ந்துவிட்டது.

நான் வேலை செய்த கடையில் நடந்தது ஒன்று. திருவிழாக் காலம். ஒருவருக்குப் பிட்டு ஆறிப் போயிருந்தது. அவர் சொன்னது சரி, நான் தொட்டுப் பார்த்தேன். மாற்றிக் கொண்டுவர எனக்கு உரிமை இல்லை, முதலாளியைக் கேட்க வேண்டும். முதலாளி காசு மேசையில் ஏழு பேருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அதற்குள் அவர் எழும்பி வந்து முதலாளியிடம் சத்தம் போட்டார். முதலாளி அவருக்கு முன்னாலேயே என்னை ஏசினார், நல்லாய் ஏசினார். அவர் மனம் ஆறி, காசு கட்டாமல் போய்விட்டார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: இனி யாராவது குறை சொன்னால் கேட்காத மாதிரி அங்காலே போய்விட வேண்டும். அடுத்த சில மாதம் அப்படித்தான் நடந்தேன். என்னை 'சேவிஸ் சரியில்லாத பெடியன்' என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்.

முதலாளியும் கெட்டவர் அல்ல. அவர் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, நகையை ஈடு வைத்துக் கடை போட்டவர். காசுப் பெட்டியை இன்னொருவர் தொட்டால் அவருக்கு நித்திரை வராது. வாங்குவது, விலை போடுவது, ஆள் எடுப்பது, முறைப்பாடு கேட்பது எல்லாம் ஒரே கதிரையில் இருந்து நடந்தது. பத்து மேசை வரைக்கும் அது சரி. கடை இருபது மேசைக்கு வளர்ந்த பிறகும் கதிரை ஒன்றாகவே இருந்ததுதான் சிக்கல். ரிட்ஸ் கார்ல்டன் விடுதிகளில் ஓர் ஊழியர், மேலிடத்தைக் கேட்காமலே ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டொலர் வரை செலவிடலாம் என்ற விதி உலகம் முழுவதும் பேசப்படுவது. எங்களுக்கு 2,000 டொலர் வேண்டாம். அவிக்கிற ஒரு நீத்துப்பெட்டி அளவு பிட்டை மாற்றிக் கொடுக்கும் உரிமை போதும்.

இத்தனைக்கும் நம்பிக்கை வைத்து நடக்கும் முறை ஒன்று எங்கள் கடைகளிலேயே இருக்கிறது. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் இருந்தால், கேட்காமலே ஒரு தட்டில் ரோல்ஸ், வடை, பற்றிஸ், வாய்ப்பன் என்று அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்ததை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, எழும்பும்போது எத்தனை என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். பெடியன் மிச்சத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்வான், பெரும்பாலும் எங்கள் சொல்லையே எடுப்பான். சுகாதாரம் என்று பார்த்தால் இதில் மாற்ற வேண்டியது உண்டு, மூடி ஒன்றாவது வேண்டும். ஆனால் அந்தத் தட்டைச் சுற்றி யாரும் யாரையும் அதட்டுவதை நான் கண்டதில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகத்துக்குப் போய்ப் பார்த்தாலும் இதே வேறுபாடு தெரியும். அங்கே பெண்கள் கண்ணுக்கு முன்னாலேயே தோசை சுடுகிறார்கள், கூழ் ஊற்றிக் கொடுக்கிறார்கள். விற்ற காசு அவர்களுடையது. எழும்பிப் போய் வரிசையில் நின்று நாங்களே வாங்க வேண்டும். மற்றக் கடையில் 'டேய்' என்று கூப்பிடும் அதே ஆள் இங்கே 'அக்கா, இன்னும் ரெண்டு தாங்கோ' என்கிறார். சனம் அதே சனம்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் தன் கடையில் ஒரு மாற்றம் செய்தார். எந்தச் சாப்பாட்டையும் கேட்காமலே மாற்றிக் கொடுக்கலாம், ஏச்சு விழாது, ஆனால் சமையலறை வாசலில் தொங்கும் கொப்பியில் நேரத்தையும் காரணத்தையும் எழுதிவிட வேண்டும் என்றார். முதல் மாதம் நட்டம் வரும் என்று அவருடைய மனைவி பயந்தார். மாதக் கடைசியில் கொப்பியைப் பார்த்தால், மொத்தம் இருபதுக்குள். அதில் பாதிக்கு மேல் பகல் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில், காரணம் ஒன்றே: குழம்பு ஆறிவிட்டது, அல்லது கொண்டுவரத் தாமதம். ஏன் அந்த அரை மணித்தியாலம் என்று எல்லாரும் இருந்து யோசித்தார்கள். கந்தோர்க்காரரின் கூட்டம் கலையும் முன்னரே, ஒன்றரைக்கு விடும் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளை ஏற்றப் போகிறவர்கள் சாப்பிட வந்துவிடுகிறார்கள். அதே நேரத்தில்தான் காலையிலிருந்து நின்ற இரண்டு பெடியள் பசி தாங்காமல் பின்னால் போய் ஆளுக்கு ஒரு கவளம் வாயில் வைக்கிறார்கள். முன்னால் ஆள் குறைகிறது. இத்தனை வருடம் இது யாருக்கும் தெரியாமல் இருந்தது, ஏனென்றால் முதலாளி கேட்டபோதெல்லாம் பெடியள் சொன்னது 'ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை' என்பதுதான். இப்போது அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் பதினொன்றரைக்கே மேசையில் இருந்து சாப்பிடுகிறார்கள்.